லூயி அபோலின் பனிக்காலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் நூலகத்து மாடிக் கூடத்தில் மாதம் ஒரு முறை ஓவியங்களைத் திரையில் காட்டிப் பேசுகிறேன். லூயி அபோல் என்ற டச்சு ஓவியரின் பனிப் படங்களைக் காட்டுகிற அன்று மட்டும் கூட்டம் சீக்கிரமே அமைதியாகிவிடும். விளக்கைப் போட்டதும் கேள்விகள் கொட்டும், பெரும்பாலும் போன தடவை வந்த அதே கேள்விகள். ஒவ்வொரு முறையும் பாதி பதில் சொல்லி வீட்டுக்கு வந்து மீதியை நினைத்துப் புழுங்குவதற்குப் பதிலாக எல்லாவற்றையும் இங்கே எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

யாருங்க இந்த லூயி அபோல்? பேரே கேள்விப்பட்டதில்லையே?

1850 செப்டம்பரில் ஹேக் நகரில் பிறந்து, 1936 நவம்பரில் அதே நகரில் இறந்தவர். முழுப்பெயர் லோடவைக் ஃபிரான்சிஸ்கஸ் ஹென்ட்ரிக் அபோல். சின்ன வயதிலேயே கை நன்றாக வந்ததால் அப்பா தனியாக ஆசிரியர் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். 1868-ல், பதினெட்டு வயதுகூட நிரம்பியும் நிரம்பாமலும் இருந்தபோது, மன்னர் மூன்றாம் வில்லெமின் உதவித்தொகை கிடைத்தது. 86 வயது வரை வாழ்ந்தார். அந்த நீண்ட ஆயுளில் அவர் பேர் வாங்கியது ஒரே விஷயத்தில்தான்: பனி மூடிய காடு, வாய்க்கால், வண்டிப்பாதை.

கேள்விப்படாததில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை. டச்சு ஓவியம் என்றால் ரெம்பிராண்ட், வெர்மீர், வான்கோ என்று மூன்று பெயரோடு நிறுத்திக்கொள்வது உலகத்து வழக்கம். நடுவில் இருநூறு வருஷம் யாரும் தூரிகையைத் தொடவே இல்லை போல.

நெதர்லாந்தா, ஹாலந்தா, டச்சா? ஏன் மூணு பேர்?

நாடு நெதர்லாந்து. ஹாலந்து என்பது அதன் மேற்குப் பகுதி. இன்று வட ஹாலந்து, தென் ஹாலந்து என இரண்டு மாகாணங்கள். மக்களும் மொழியும் டச்சு. ஹேக் நகரம் தென் ஹாலந்தில் இருக்கிறது. தலைநகரம் ஆம்ஸ்டர்டாம் என்றாலும் நாடாளுமன்றமும் அரசு அலுவலகங்களும் ஹேக்கில்தான்.

ஸ்னோ, ஐஸ், ஃப்ராஸ்ட் எல்லாத்துக்கும் 'பனி'ன்னே சொல்றீங்களே, குழப்பமா இருக்கே?

இருக்கத்தான் செய்யும். நம் முன்பனி, பின்பனிக் காலங்களில் உள்ள பனி, புல்நுனியில் நிற்கிற நீர்த்துளியும் விடிகாலை மூட்டமும். வானத்திலிருந்து பஞ்சு மாதிரி விழுந்து தரையில் கிடக்கும் பொருளுக்கு நமக்குத் தனியாக ஒரு வீட்டுச் சொல் தேவைப்படவில்லை.

இந்தப் பக்கத்தில் வெறுமனே 'பனி' என்றால் விழுந்து கிடக்கும் வெண்பனி. வாய்க்காலும் குளமும் இறுகிப் போனதைப் 'பனிக்கட்டி' என்கிறேன். கிளைகளில் உப்புப் பூத்த மாதிரி ஒட்டிக்கொள்வது 'உறைபனி'. அபோலைப் பார்க்க இந்த வித்தியாசம் முக்கியம். மற்ற டச்சுக்காரர்களில் பலர் வரைந்தது பனிக்கட்டியை. இவர் பிடித்துக்கொண்டது வெண்பனியை.

படத்துல ஒண்ணுமே நடக்கலையே. எதைத்தான் பார்க்கணும்?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. கேட்கிறவர் கொஞ்சம் கூச்சத்தோடு கேட்பார், கேட்டதும் பாதிக் கூட்டம் தலையாட்டும்.

முதலில் தரையைப் பாருங்கள். நம் கண் நேராக மரத்துக்கோ ஆளுக்கோ போய்விடும். அவர் அதிகம் உழைத்த இடம் கீழே இருக்கிறது. பாதையில் வண்டிச் சக்கரம் போன தடம் தெரியும். தடத்துக்குள் பனி அழுக்காகி மண்ணோடு கலந்து பழுப்பாகியிருக்கும். ஓரத்தில் யாரும் மிதிக்காத பனி மட்டும் மெத்தென்று இருக்கும். வாய்க்கால் இருந்தால் முழுக்க உறைந்திருக்காது. நடுவில் கறுப்பாகத் தண்ணீர் தெரியும், அதில் வானத்தின் ஒரு கீற்று விழுந்திருக்கும். பனி விழுந்து ஒன்றிரண்டு நாள் ஆகியிருக்கிறது, ஒரு வண்டி போயிருக்கிறது, குளிர் லேசாக விட்டிருக்கிறது. 'ஒண்ணுமே நடக்கலை' என்றீர்களே, எல்லாம் நாம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்து முடிந்துவிட்டது.

அப்புறம் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் தாழ்ந்த சூரியன், மரத்தண்டுகளுக்குப் பின்னால், ஆரஞ்சாகவோ வெளிறிய மஞ்சளாகவோ. கடைசியாக ஆள். விறகு பொறுக்குகிறவர், வண்டியோட்டி என்று யாராவது ஒருவர் தூரத்தில் விரல் நகம் அளவுக்கு இருக்கலாம். முகம் தெரியாது. காகங்களும் உண்டு. காகத்தைக் கண்டதும் நம் கூட்டத்தில் ஒரு சின்ன மகிழ்ச்சி பரவும், ஏதோ சொந்த ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி. அந்தக் கறுப்புப் புள்ளிகளுக்கு வேலை இருக்கிறது. விரலால் அவற்றை மறைத்துப் பாருங்கள், சுற்றியிருக்கும் பனி உடனே மங்கிப்போகும்.

மரமெல்லாம் ஏன் மொட்டைத்தலையா இருக்கு? வியாதியா?

இல்லை, வெட்டி விட்டது. வில்லோ மரத்தை ஆள் உயரத்தில் தறித்து, சில வருஷத்துக்கு ஒருமுறை மேலே வளரும் கொம்புகளை அறுத்துக்கொள்வார்கள். கொம்புகள் கூடை முடையவும், வேலி கட்டவும், கருவிகளுக்குப் பிடி போடவும் ஆகும். வெட்ட வெட்ட உச்சி தடித்துக் குமிழாகிவிடும். வாய்க்கால் கரையோரம் வரிசையாக நிற்கும் இந்த மரங்கள் டச்சு நாட்டுப்புறத்தின் அடையாளம். இலையுதிர்ந்து பனி ஏறினால் தலைக்குத் துண்டு கட்டியவர்கள் வரிசையில் நிற்கிற மாதிரியே இருக்கும்.

டச்சுப் பனிப் படம்னா ஜனங்க சறுக்கி விளையாடுறதுதானே? இவர் படத்துல ஏன் ஆளே இல்லை?

நீங்கள் மனசில் வைத்திருப்பது ஹென்ட்ரிக் ஆவர்காம்ப் வரைந்த படமாக இருக்கும். 1585-ல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்து, காம்பன் என்ற ஊரில் வளர்ந்து, 1634-ல் இறந்தவர். 1608 வாக்கில் அவர் வரைந்த 'சறுக்குபவர்களுடன் பனிக்காலக் காட்சி' ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது. உறைந்த நீர்ப்பரப்பில் ஊரே இறங்கியிருக்கும். பணக்காரர், பிச்சைக்காரர், விழுந்து எழும்புகிறவர், காதலர், பின்பக்கம் தெரிய ஒதுங்கியவர் எல்லாரும் உண்டு. மூலையில் ஒரு பழைய கதவை முட்டுக்கொடுத்து நிறுத்திய பறவைப் பொறி. செத்த மிருகத்தைக் கடித்துக்கொண்டிருக்கும் நாய். திருவிழாக் கூட்டத்தை மாடியிலிருந்து பார்க்கிற மாதிரி அடிவானத்தை உயரத்தில் வைத்திருப்பார். ஆவர்காம்ப் வாய் பேச முடியாதவர். 'காம்பன் ஊமை' என்றே அவரை அழைத்தார்கள். பேசாத மனிதர் வரைந்தது இவ்வளவு இரைச்சல்!

அந்த இரைச்சலுக்குக் காரணம் உண்டு. நெதர்லாந்து தண்ணீர் தேசம். வாய்க்கால் உறைந்தால் அது சாலையாகிவிடும், மைதானமாகிவிடும், கேக்கும் சூடான பானமும் விற்கிற கடைத்தெருவாகிவிடும். மேல்தட்டு, கீழ்த்தட்டு எல்லாரும் ஒரே தளத்தில் வழுக்கி விழும் இடம். ஓவியருக்கு இதைவிட என்ன வேண்டும்?

அபோல் அந்தச் சாலையிலிருந்து இறங்கிக் காட்டுக்குள் போய்விட்டார். அவர் வரைந்த காலத்தில் நாட்டில் ரயில் ஓடத் தொடங்கி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. முதல் தடம் ஆம்ஸ்டர்டாமுக்கும் ஹார்லெமுக்கும் இடையே 1839-ல் போட்டது. நகரங்கள் பெருத்துக்கொண்டிருந்தன. படம் வாங்குகிறவர் நகரத்து நடுத்தர, மேல்தட்டுக் குடும்பத்தார். கூட்டத்தை அவர்கள் ஜன்னலைத் திறந்தாலே பார்க்கலாம். சுவரில் மாட்ட வேறு ஒன்று வேண்டியிருந்தது. இது என் ஊகம்தான், ஆனால் பலமாகவே நம்புகிறேன்.

அப்போ அமைதியான பனியை முதல்ல வரைஞ்சவர் இவர்தானா?

இல்லவே இல்லை. 17-ஆம் நூற்றாண்டிலேயே யாக்கோப் ஃபான் ராய்ஸ்டால் வரைந்த பனிக்காலப் படங்களில் வானம் கன்னங்கறுப்பாக அழுத்தும். சறுக்கு விளையாட்டுக்கு அங்கே இடமே இல்லை. ஆர்ட் ஃபான் டெர் நேர் நிலா வெளிச்சத்துக்கும் பனிக்காலத்துக்கும் பேர் போனவர். ராய்ஸ்டாலின் பனியில் எனக்கு ஒரு பயம் வருகிறது. அபோலிடம் அது வருவதில்லை. வீடு பக்கத்தில்தான் இருக்கிறது, நடந்தால் விளக்கு வைப்பதற்குள் போய்விடலாம் என்கிற மாதிரியான தனிமை அவருடையது.

நேரடிப் பரம்பரை வேறு. ஹேக் நகரில் ஆந்திரியாஸ் ஸ்கெல்ஃப்ஹவுட் (1787–1870) என்பவர் உறைந்த வாய்க்கால்களை வழவழவென்று வரைந்து பெரும் புகழ் பெற்றார். அவருடைய மாணவர் ஹாப்பன்பிரௌவர்ஸ். ஹாப்பன்பிரௌவர்ஸ் அபோலுக்குச் சொல்லிக்கொடுத்தவர், 1866-ல் இறந்துபோனார். பிறகு ஸ்டோர்டன்பேக்கர் என்பவரிடம் அபோல் கற்றார். ஆக, பனிக்கலையில் அபோல் ஸ்கெல்ஃப்ஹவுட்டின் பேரப்பிள்ளை. தாத்தாவிடமிருந்து பனியை எடுத்துக்கொண்டார், சறுக்குக்காரர்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அங்கே நிஜமாவே அவ்வளவு பனி பெய்யுமா?

படங்களைப் பார்த்து நினைக்கிற அளவுக்கு இல்லை. கடலோர நாடு, கடல்காற்று குளிரை மட்டுப்படுத்திவிடும். மழை, மூட்டம், ஈரம், இதுதான் வழக்கமான குளிர்காலம். பனி விழுந்தாலும் பல தடவை இரண்டு மூன்று நாளில் கரைந்து சேறாகிவிடும்.

ஆவர்காம்ப் காலம் வேறு. ஐரோப்பாவில் ஏறத்தாழ 14-ஆம் நூற்றாண்டிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை குளிர் கூடியிருந்த நெடுங்காலத்தைக் 'குட்டிப் பனியுகம்' என்பார்கள். 1564–65 குளிர்காலம் மிகக் கடுமையானது. 1565-ல்தான் ஃபிளாண்டர்ஸ் ஓவியர் பீட்டர் புரூகல் பனியில் திரும்பும் வேட்டைக்காரர்களை வரைந்தார். 1608-ம் கொடுங்குளிர். அபோல் பிறந்த 1850, அந்த யுகம் முடிந்துகொண்டிருந்த நேரம். அதற்காகக் குளிர் ஒரேயடியாகப் போய்விடவில்லை. 1890–91-ல் நாடே உறைந்தது. ஃபிரீஸ்லாந்து மாகாணத்தில் பதினொரு ஊர்களைச் சுற்றிச் சுமார் 200 கிலோமீட்டர் பனிக்கட்டியில் சறுக்கும் பந்தயம் 1909-ல் தொடங்கி இதுவரை 15 முறைதான் நடந்திருக்கிறது. கடைசியாக 1997 ஜனவரி 4. பனிக்கட்டி 15 சென்டிமீட்டர் தடிமன் இல்லாவிட்டால் அதை நடத்த மாட்டார்கள்.

அதனால் அபோலின் பனியை, வந்ததும் கிளம்பிவிடும் விருந்தாளியாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கறுப்புத் தண்ணீரும் பழுப்புத் தடமும் அவ்வளவு அக்கறையாக வந்ததற்கு இது ஒரு காரணம்.

பனி வெள்ளைதானே? வெள்ளை பெயின்ட் அடிச்சா போச்சு, இதுல என்ன கஷ்டம்?

வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். வெள்ளைத் தாளில் சின்ன ஓட்டை போட்டு, திரையிலுள்ள படத்தின் மேல் வைத்து ஓட்டை வழியாகப் பனியை மட்டும் பாருங்கள். சாம்பல், ஊதா, மங்கிய நீலம், பால் கலந்த டீயின் நிறம் எல்லாம் தெரியும். தாளின் வெள்ளைக்குப் பக்கத்தில் வரக்கூடிய இடம் கடுகளவுதான் இருக்கும்.

பனிக்குச் சொந்த நிறம் கிடையாது. மேலே என்ன இருக்கிறதோ அதைத் திருப்பிக் காட்டும். மேகமூட்டமான பகலில் வானமே வெளிச்சத் தட்டாகிவிடுவதால் பனி பல சமயம் வானத்தைவிடக் கொஞ்சம் கருத்துத்தான் தெரியும். சூரியன் தாழ்ந்த மாலையில் வெயில் படும் பக்கம் ஆரஞ்சு. நிழல் விழுந்த பக்கத்துக்கு வெயில் கிடைக்காது, தலைக்கு மேலுள்ள நீல வானத்தின் வெளிச்சம் மட்டுமே கிடைக்கும், அதனால் நிழல் நீலம். பிரான்சில் கிளாட் மோனே 1868–69-ல் ஒரு மேக்பை பறவை உட்கார்ந்த வேலியையும் பனியையும் வரைந்து நீல நிழல் போட்டார். பாரீஸ் கண்காட்சிக் குழு அந்தப் படத்தைத் திருப்பி அனுப்பியது. அபோல் அவ்வளவு தைரியமாக நீலத்தை வைப்பதில்லை. சாம்பலில் கரைத்து வைப்பார், கண் அதை நீலமென்று தானாகப் படித்துக்கொள்ளும்.

அந்தக் காலத்து முக்கிய வெள்ளை ஈய வெள்ளை. துத்தநாக வெள்ளையும் கிடைத்தது. இன்று கடையில் எங்கும் கிடைக்கும் டைட்டானியம் வெள்ளை 20-ஆம் நூற்றாண்டில் வந்தது. ஈய வெள்ளையைத் தடிமனாக அப்பலாம், தூரிகைத் தடம் அப்படியே நிற்கும். முன்பக்கப் பனியில் வெளிச்சம் பட்டு மேடாகத் தெரியும் இடங்களில் பெயின்டே கொஞ்சம் மேடாக இருக்கும். திரையில் இது தெரியாது, அதுதான் எனக்கு வருத்தம்.

சில படத்துல பனி மஞ்சளா இருக்கே. சாயங்காலமா, இல்ல படம் பழசாயிடுச்சா?

இரண்டும் இருக்கலாம், கண்டுபிடிக்க வழியும் உண்டு. எண்ணெய் ஓவியத்தின் மேல் பூசும் வார்னிஷ் பல பத்தாண்டுகளில் மஞ்சளாகும். அது கண்ணாடித்தாள் மாதிரி படம் முழுக்கச் சமமாகப் படியும். அதனால் நிழலைப் பாருங்கள். வெயில் பட்ட இடம் மஞ்சளாகவும் நிழல் நீலச் சாம்பலாகவும் இருந்தால் ஓவியர் வைத்த மாலை. நிழலும் பச்சை கலந்து மங்கியிருந்தால் வார்னிஷின் கைங்கரியம். மேலே சொன்ன ஆரஞ்சு, நீலக் கணக்கு இங்கேயும் உதவும்.

மூன்றாவதாக ஒரு குற்றவாளியும் இருக்கிறார்: உங்கள் கைபேசியில் இரவில் தானாகவே மஞ்சளாகும் திரை. ஒரு தடவை பத்து நிமிஷம் விவாதித்த பிறகுதான் இது தெரிந்தது.

பனியில நிஜமாவே சத்தம் குறையுமா, இல்ல படத்தைப் பார்த்துட்டு நாமளா கற்பனை பண்ணிக்கிறோமா?

குறையும். புதிதாக விழுந்த பனியில் துகள்களுக்கிடையே காற்று நிறைய இருக்கும், அது சத்தத்தை உறிஞ்சிவிடும். கரைந்து மறுபடி இறுகினால் மேல்பரப்பு கெட்டியாகி, சத்தம் எதிரொலிக்கவே செய்யும். அபோலின் பாதைகளில் இருப்பது பல சமயம் இரண்டாவது வகை. அதில் நடந்தால் நொறுக் நொறுக் என்று கேட்கும். ஒரே ஒரு ஆள் என்பதால் அது ஒன்றுதான் கேட்கும்.

அந்தக் குளிர்ல வெளியே உட்கார்ந்தா வரைஞ்சார்?

ஓவியர்கள் வெளியே போனார்கள். குழாயில் அடைத்த எண்ணெய் வண்ணம் 1841-லேயே வந்துவிட்டதால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவது சுலபமாகியிருந்தது. ஆனால் குளிரில் எண்ணெய் இறுகும், நீர்வண்ணம் தாளிலேயே உறையும், விரலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதனால் வெளியே சின்ன வரைவு, பெரிய படம் அறைக்குள். அந்தத் தலைமுறையின் பொது வழக்கம் இது.

கிராமத்துப் பனின்னு சொன்னீங்க, படத்தோட தலைப்புல ஹேக்னு இருக்கே?

நன்றாகப் பிடித்தீர்கள். அவருடைய புகழ்பெற்ற படத்தின் பெயர் 'ஹேக் காட்டில் ஒரு ஜனவரி மாலை'. 1875-ல் வரைந்தது, ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது. வரைந்தபோது வயது 24, 25. பண்ணை வீடும் வாய்க்காலும் உள்ள அசல் நாட்டுப்புறக் காட்சிகள் அவரிடம் நிறைய உண்டு. ஆனால் இந்தக் காடு ஊரை ஒட்டியே இருக்கிறது. படத்தில் இருப்பது யாரும் போகாத வனாந்தரம் என்று நினைத்திருப்போம். நகரத்துக்காரர்கள் மாலை நடைக்குப் போகும் இடம் அது! ஊர் தெரியாத கோணத்தில், ஆள் இல்லாத நேரத்தில் நின்றிருக்கிறார். இதை ஏமாற்று என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது இதனால்தான்.

அந்தக் காட்டுக்கே ஒரு கதை உண்டு. ஸ்பெயினுக்கு எதிரான போரில் பணமுடை வந்தபோது மரங்களை வெட்டி விற்கும் பேச்சு எழுந்தது. ஊரார் எதிர்த்தார்கள். 1576-ல், காட்டை விற்பதும் வெட்டுவதும் கூடாது என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதப்பட்டது. முந்நூறு வருஷம் கழித்து அபோல் அங்கே போய் நிற்க முடிந்ததற்கு அந்தப் பத்திரத்துக்கும் பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது பெருமளவு மரங்கள் வெட்டப்பட்டன, அங்கிருந்து வி-2 ராக்கெட்டுகள் ஏவப்பட்டன. 1945 மார்ச் 3 அன்று அந்த ஏவுதளத்தைக் குறிவைத்த பிரிட்டிஷ் விமானங்களின் குண்டுகள் தவறிப் பக்கத்துக் குடியிருப்பில் விழுந்து 500 பேருக்கு மேல் இறந்தார்கள். இன்று அங்கே மறுபடி காடு நிற்கிறது, பக்கத்தில் நெடுஞ்சாலை இரைகிறது. அபோல் பார்த்த மரங்களில் பல இன்று இல்லை.

ஹேக் ஓவியர் குழுன்னு சொல்றாங்களே, இவர் அதுல சேர்த்தியா?

சேர்த்திதான், ஓரத்து நாற்காலியில். யோசஃப் இஸ்ராயெல்ஸ், மெஸ்டாக், யாக்கோப் மாரிஸ், அன்டன் மாவ், வைஸன்புரூஹ் ஆகியோர் அந்த வட்டத்தின் பெரிய பெயர்கள். 1875-ல் ஃபான் சான்டன் கோல்ஃப் என்ற விமர்சகர் அவர்களுக்கு இந்தப் பெயரை வைத்தார். அலங்காரமான காட்சிகளை விட்டுவிட்டு, மூட்டம் போட்ட வானம், ஈரக்காற்று, மீனவர், மாடு என்று கண்ணெதிரே இருந்ததை வரைந்தார்கள். 'சாம்பல் குழு' என்ற பட்டப்பெயரும் வந்தது. அபோலின் சாம்பல் நிறம் அங்கிருந்து வந்தது. மாலை ஆரஞ்சு மட்டும் அவர் தன் செலவில் சேர்த்துக்கொண்டது.

ஆர்க்டிக் பக்கமெல்லாம் போனார்னு கேள்விப்பட்டேன். அது உண்மையா?

உண்மை. 1880-ல் 'வில்லெம் பாரன்ட்ஸ்' என்ற டச்சு ஆய்வுக் கப்பலில் வடதுருவக் கடலுக்குப் போனார். கப்பலின் பெயருக்குரியவர் 16-ஆம் நூற்றாண்டு மாலுமி. கிழக்கே போக வடக்கு வழியாகக் கடல்பாதை தேடி, 1596–97 குளிர்காலம் முழுவதும் நோவாயா செம்ல்யா தீவில் மாட்டிக்கொண்டு, மிதந்து வந்த மரங்களாலும் கப்பல் பலகையாலும் வீடு கட்டி ஆட்களோடு தங்கினார். திரும்பும் வழியில் 1597 ஜூனில் இறந்தார். அந்த வீட்டின் மிச்சங்களை 1871-ல் ஒரு நார்வே கப்பல்காரர் கண்டெடுத்தார். பொருள்கள் இப்போது ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கின்றன.

அந்தப் பயணத்தை வைத்து அபோல் 1896-ல், பாரன்ட்ஸ் பனியில் சிக்கியதன் முந்நூறாவது ஆண்டில், ஆம்ஸ்டர்டாமில் நோவாயா செம்ல்யா பனோரமா செய்தார். பனோரமா என்றால் வட்டமான கூடத்தின் சுவர் முழுக்கச் சுற்றி வரைந்த ராட்சத ஓவியம்; நடுவில் நின்று பார்க்க வேண்டும், சினிமாவுக்கு முந்தைய சினிமா. அதன் அளவு பிடிபட வேண்டுமானால் ஹேக்கில் இன்றும் இருக்கும் மெஸ்டாக்கின் 1881 பனோரமாவைச் சொல்லலாம்: உயரம் 14 மீட்டர், சுற்றளவு 120 மீட்டர்.

எனக்கு வேடிக்கையாகப் படுவது, உலகத்திலேயே பெரிய பனியைப் பார்த்துவிட்டு வந்த மனுஷர் மறுபடி ஊரோரக் காட்டுக்கும் வாய்க்காலுக்குமே திரும்பியது.

வான்கோவும் அதே ஊர்ல இருந்தாரே, ரெண்டு பேருக்கும் தொடர்பு உண்டா?

காலமும் ஊரும் ஒட்டிப் போகின்றன. வான்கோ மூன்று வயது இளையவர். 1869 முதல் 1873 வரை ஹேக்கில் கூப்பில் என்ற ஓவிய வியாபார நிறுவனத்தில் வேலை பார்த்தார். 1881 கடைசியில் திரும்பி வந்து, மேலே சொன்ன அன்டன் மாவிடம் கொஞ்சம் கற்றுக்கொண்டார்; மாவ் அவருக்கு உறவு வழியும்கூட. 1885 ஜனவரியில் நூனன் ஊரில் அப்பாவின் போதகர் இல்லத் தோட்டத்தைப் பனியோடு வரைந்தார். அதில் ஒரு ஆள் குனிந்து பனியை வாரிக்கொண்டிருப்பார். வான்கோவுக்குப் பனி என்றால் அதிலும் ஒரு வேலை நடக்க வேண்டும். அபோலுக்கு அந்த அவசரம் இல்லை.

ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப வரைஞ்சு வித்தவர்தானே இவர்? வெளிப்படையா சொல்லுங்க.

வெளிப்படையாகவே சொல்கிறேன்: ஓரளவு ஆமாம். பாதை, வாய்க்கால், மரம், தாழ்ந்த சூரியன், ஒரு ஆள் என்ற ஐந்து சீட்டைக் கலைத்துக் கலைத்துப் போட்டிருக்கிறார். ஹேக் குழுவின் படங்களுக்கு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நல்ல கிராக்கி இருந்தது. பனி கேட்டார்கள், பனி கொடுத்தார். சில படங்களில் கை பழக்கத்தில் ஓடியிருப்பது தெரிகிறது. மரம் மரமாகத்தான் இருக்கும், ஆனால் அந்த மரம் என்று சொல்ல முடியாது.

நல்ல படத்தை எப்படிப் பிரிப்பது என்றால், முன்பு சொன்ன தரைக்கே திரும்புங்கள். பனி கரைவதையும் அழுக்காவதையும் உட்கார்ந்து பார்த்து வரைந்திருந்தால் நல்ல அபோல். தரை ஒரே சீராக, கேக் மேல் பூசிய க்ரீம் மாதிரி இருந்தால் ஆர்டருக்குச் செய்தது. என் எண்ணத்தில் ஹேக் காட்டு ஜனவரி மாலை முதல் வகையில் முதல் வரிசை.

ஏலத் தளத்துல 'அபோல்'னு கையெழுத்துப் போட்ட படம் சல்லிசா வருது. அசலா இருக்குமா?

கையெழுத்தை மட்டும் நம்பாதீர்கள். பழைய பனிப் படத்தில் பிறகு பெயர் எழுதிச் சேர்ப்பது சுலபம். அர்மான் அபோல் என்று ஒரு பெல்ஜிய ஓவியரும் இருந்தார், குடும்பப் பெயர் மட்டும் பார்த்து இருவரையும் குழப்பிக்கொள்வார்கள். படத்தின் பின்பக்கப் புகைப்படம் கேளுங்கள். கேன்வாஸ், சட்டம், பழைய விற்பனைச் சீட்டு, கைமாறிய வரலாறு இவை முன்பக்கத்தைவிட அதிகம் பேசும். விற்கிறவர் பின்பக்கத்தைக் காட்டத் தயங்கினால் சரி, விட்டுவிடுங்கள்.

அச்சடிச்சு வீட்ல மாட்டிக்கலாமா? காப்பிரைட் பிரச்சினை வருமா?

வராது. இறந்து 70 வருஷம் என்ற ஐரோப்பியக் கணக்கில் 2006 கடைசியோடு உரிமை முடிந்தது. இந்தியக் கணக்கில் அதற்கும் முன்பே. ரைக்ஸ்மியூசியம் உரிமை முடிந்த படங்களைப் பெரிய அளவில் இலவசமாகவே இறக்கிக்கொள்ள விடுகிறது.

அச்சுக் கடையில் மட்டும் கவனம். பளபளப்புத் தாள் வேண்டாம், மேட் தாள் கேளுங்கள். 'சார், டல்லா இருக்கு, கொஞ்சம் பிரைட் பண்ணித் தரேன்' என்பார் கடைக்காரர், அக்கறையாகத்தான் சொல்வார். பண்ணினால் சாம்பலெல்லாம் போய் வெறும் வெள்ளைத் தாள் மிஞ்சும். என் வீட்டு வரவேற்பறையில் அப்படி ஒன்று தொங்குகிறது. இரண்டாவது தடவை பக்கத்திலேயே நின்று அடித்து வாங்கியது மேசைக்கு எதிரே இருக்கிறது.